எக்ஸாஸ்ட் சூடு மீட்டர் தப்புக் காட்டுகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்ததற்கு அல்ல, பிறகு வாங்கி மாட்டிய எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் மீட்டருக்கான, அதாவது இன்ஜின் விடும் புகையின் சூட்டைக் காட்டும் மீட்டருக்கான, வழிமுறை இது. உதாரணத்துக்கு 5.9 லிட்டர், 6 சிலிண்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். டாடாவின் 2515, 2518 லாரிகளில் ஓடிய இன்ஜின். அமெரிக்காவில் 1989 மாடலிலிருந்து டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்ததும் இதே குடும்பம்தான். அந்த உறவால் ஒரு வசதியும் ஒரு தலைவலியும் உண்டு. ப்ரோப் (புகைக்குள் நீட்டிச் சூட்டை அளக்கும் குச்சி), மீட்டர், ஃபிட்டிங் (ப்ரோப்பைப் பிடித்து நிறுத்தும் மரைத் துண்டு) எல்லாம் தேடினால் கிடைக்கும். ஆனால் அவற்றில் பல 12 வோல்ட்டுக்கும் ஃபாரன்ஹீட்டுக்கும் செய்தவை.

24 வோல்ட் லாரியில் 12 வோல்ட் மீட்டரை நேராகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் போர்டு புகைந்துவிடும். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பதும் கூடாது. அந்த பேட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது ஓவர்சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்துவிடுங்கள். அடுத்து, டிரைவர் “1,200 காட்டுது” என்று வண்டியை ஓரம் கட்டினால் முதலில் மீட்டர் முகத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். 1,200 ஃபாரன்ஹீட் என்றால் 649 செல்சியஸ். லோடு வண்டி ஏற்றத்தில் காட்டக்கூடிய சூடுதான் அது. இனி இங்கே வரும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

எதைக் கழற்றும் முன்பும்: பத்து நிமிடச் சோதனை

கோளாறு மீட்டரிலா, ஒயரிலா, ப்ரோப்பிலா, இல்லை மாட்டிய இடத்திலா என்று முதலில் பிரித்துவிட வேண்டும். நாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மீட்டரிலும் அதே தப்பைப் பார்ப்பீர்கள்.

மீட்டரின் பின்னால் ப்ரோப் ஒயர் வரும் இரண்டு டெர்மினலையும் கழற்றி, சின்னச் செம்புக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். கரண்ட் எடுத்து ஓடும் எலக்ட்ரானிக் மீட்டர் கேபினுக்குள் இருக்கும் சூட்டைக் காட்ட வேண்டும்: 30, 35 என்று. முள் மீட்டரின் அளவுகோல் 100-லோ 200-லோ தொடங்கினால் முள் அடிக்கோட்டில் போய் உட்கார வேண்டும். அப்படி நடந்தால் மீட்டர் பெரும்பாலும் நல்லது.

அடுத்து ப்ரோப். இதில் வருவது ஏறக்குறைய எப்போதும் கே டைப் தெர்மோகப்பிள்தான். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனியைச் சேர்த்துப் பற்றவைத்தது. சூடு ஏற ஏற டிகிரிக்குச் சுமார் 0.041 மில்லிவோல்ட் தரும். மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, ப்ரோப் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். பட்டறைச் சூடு 30 என்றால் 2.9 மில்லிவோல்ட் அருகில் வர வேண்டும். மீட்டர் முள் 100-ஐக் காட்டாதே என்று கவலைப்பட வேண்டாம், மல்டிமீட்டர் போதும். ஊட்டியில் செய்தால் தண்ணீர் 92, 93-லேயே கொதித்துவிடும், அதற்கேற்ப 2.6 வரும்.

ஓடும் வண்டியில் ஒப்பிட, மல்டிமீட்டர் பிடித்திருக்கும் இடம் 30 டிகிரியில் இருக்கும்போது வர வேண்டிய அளவுகள்: 400 டிகிரிக்கு 15.2 மில்லிவோல்ட், 500-க்கு 19.4, 600-க்கு 23.7, 700-க்கு 27.9. இந்த நாலு எண்ணையும் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காந்தம். கே டைப்பின் நெகடிவ் கம்பி அலுமெல், காந்தத்தில் ஒட்டும். பாசிட்டிவ் கம்பி குரோமெல், ஒட்டாது. நிறத்தை நம்புவதை விட இது மேல், ஏனென்றால் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க ஒயரில் மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகடிவ். சிவப்பைப் பார்த்ததும் பாசிட்டிவ் என்று கை தானாகப் போகும் எலக்ட்ரீஷியன் இங்கேதான் தவறுவார். ஐரோப்பிய முறையில் பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகடிவ்.

அறிகுறி 1: ஏற்றத்தில் கறுப்புப் புகை தள்ளுகிறது, முள் மட்டும் 450-ஐத் தாண்டவில்லை

அதிகம் வரும் புகார் இதுதான். ஆபத்தானதும் இதுதான், ஏனென்றால் டிரைவர் முள்ளை நம்பி மிதித்துக்கொண்டே போவார். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் காரணம்: ப்ரோப் டர்போவுக்குப் (புகையால் சுற்றி இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தருவது) பின்னால், சைலன்சர் குழாயில் இருக்கிறது. டர்போவின் டர்பைன் புகையிலிருந்து சக்தியை எடுத்துத்தான் சுற்றுகிறது. எடுத்த அளவுக்குப் புகையின் சூடு இறங்கும். ஐடிலில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே சூடு. முழு லோடில், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) முழுதாக நிற்கும்போது, 100 முதல் 150 டிகிரி வரை, சில சமயம் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். “பின்னால் காட்டுவதோடு 150 கூட்டிக்கொள்” என்று சொல்லும் பழக்கம் உண்டு. அந்தக் கணக்கு ஒரே லோடில், ஒரே ஆர்.பி.எம்.மில் மட்டும் சரிவரும். பூஸ்ட் குறைந்த நேரத்தில் கூட்டினால் பொய், டர்போவே கோளாறாக இருந்தால் இன்னும் பெரிய பொய்.

அதனால் இன்ஜினைக் காப்பாற்றத்தான் மீட்டர் என்றால் ப்ரோப் மேனிபோல்டில் (எல்லாச் சிலிண்டரின் புகையையும் சேர்த்து டர்போவுக்குக் கொண்டு போகும் வார்ப்பிரும்புக் குழாய்), டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டும். “முனை உடைந்து டர்பைனில் விழுந்தால்?” என்ற பயத்தில்தான் பலர் பின்னால் வைக்கிறார்கள். நல்ல ஸ்டீல் உறை போட்ட ப்ரோப்பை அளவாக நீட்டி வைத்தால் அந்த ஆபத்து குறைவு. உள்ளே 700-க்கு மேல் சூடு நிற்பது தெரியாமலே ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. பின்னால் வைத்த ப்ரோப் ஒரு வேலைக்குச் சரியாக உதவும்: வண்டியை நிறுத்தும்போது 150-க்குக் கீழே வரும் வரை ஐடிலில் விட்டு, டர்போ பேரிங்கில் ஆயில் கரியாகாமல் பார்த்துக்கொள்ள.

மேனிபோல்டில் எந்த இடம்? 6பிடியின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர், பின் மூன்று சிலிண்டர் என்று மாறி மாறி வெடிக்கும். அதனால் மேனிபோல்டை நடுச்சுவர் வைத்து இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் டர்போவின் தனித்தனி வாய்க்குக் கொண்டு போவார்கள். டர்போ ஃபிளாஞ்சைக் கழற்றினால் அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியும். ப்ரோப் பின் பாதியில், 4, 5, 6 சிலிண்டர் புகை மூன்றும் சேர்ந்த பிறகு, டர்போ ஃபிளாஞ்சுக்கு 25 முதல் 75 மி.மீ. முன்னால் நிற்கட்டும். பின் சிலிண்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் அதிகச் சூட்டில் ஓடும்.

தவறான இடங்கள் இவை. ஒரே சிலிண்டரின் தனிக் குழாயில் வைத்தால் அந்தச் சிலிண்டர் புகை விடும் நேரத்தில் மட்டும் முனைமேல் சூடு அடிக்கும், மீதி நேரம் சும்மா கிடக்கும். சராசரி குறைந்து காட்டும். நடுச்சுவருக்கு நேர் மேலே ஓட்டை போட்டால் இரண்டு பாதிக்கும் நடுவே வழி திறந்துவிடும், பாதிகளைப் பிரித்து வைத்ததன் பலன் குறையும். வளைவின் உள்பக்க மூலையில் புகை நின்று சுழலுமே தவிர ஓடாது. மேனிபோல்டின் கடைசி முனையிலும் அப்படித்தான்.

இடம் சரியாக இருந்தும் ஆழம் தவறலாம். ஃபிட்டிங்கின் உயரத்துக்குள்ளேயே முனை ஒளிந்திருந்தால் அது அளப்பது இரும்பின் சூட்டை. முனை குழாயின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். எதிர்ச் சுவரைத் தொடக் கூடாது. ஓட்டை போட்டதும் ஒரு கம்பியை உள்ளே விட்டு எதிர்ச் சுவரைத் தொட்டு, வெளி விளிம்பில் குறி வைத்து எடுங்கள். வெளியிலிருந்து எதிர்ச் சுவர் வரை 46 மி.மீ., இரும்பின் கனம் 8 மி.மீ. என்றால் குழாயின் அகலம் 38. முனை உள்ளே 19 நீள வேண்டும், அதாவது வெளி விளிம்பிலிருந்து 27. ஃபிட்டிங்கின் தலை உயரத்தையும் கூட்டி ப்ரோப்பில் மார்க்கர் போட்டுக்கொண்டு, பிறகுதான் நட்டை இறுக்கவும். ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஃபெரூல் (ப்ரோப்பை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) ஒரு முறை உறையைக் கடித்துவிட்டால் பிறகு ஆழத்தை மாற்ற முடியாது. கையால் இறுக்கிய பின் ஒன்று முதல் ஒன்றேகால் சுற்று போதும்.

இரண்டாவது காரணம்: ப்ரோப் ஒயர் எட்டவில்லை என்று நடுவில் சாதாரணச் செம்பு ஒயர் சேர்த்திருக்கிறார்கள். எலக்ட்ரானிக் மீட்டர் தன் பின்பக்க டெர்மினலின் சூட்டைத் தானே அளந்து கணக்கில் கூட்டிக்கொள்கிறது. செம்பு வந்தால் கே டைப் கம்பி முடியும் இடம் இன்ஜின் பக்கத்து ஜாயின்ட்டுக்குப் போய்விடும். அந்த ஜாயின்ட் 80 டிகிரியில் இருந்து கேபின் 30-ல் இருந்தால் மீட்டர் 50 டிகிரி குறைத்துக் காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சரியாக இருக்கும், இன்ஜின் பே சூடேறிய பிறகு தப்பும். பகலில் ஒன்று, இரவில் ஒன்று காட்டுகிறது என்று வரும் வண்டியில் முதலில் டேப் சுற்றிய ஜாயின்ட்டைத் தேடுங்கள். நீட்ட வேண்டுமானால் கே டைப் எக்ஸ்டென்ஷன் ஒயரே வேண்டும், கனெக்டரும் கே டைப்புக்கானதாக இருப்பது நல்லது.

மூன்றாவது காரணம் இன்னும் நுட்பமானது: எக்ஸ்டென்ஷன் ஒயரை இரண்டு முனையிலும் மாற்றிப் போட்டிருப்பது. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிடும், முள் ஒழுங்காக ஏறும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மேலே சொன்ன 50 இரட்டிப்பாகி 100 டிகிரி குறையும். காந்தத்தை ஜாயின்ட்டின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒட்டும் கம்பி ஒட்டும் கம்பியோடுதான் சேர்ந்திருக்க வேண்டும்.

ஓட்டை போடும் விதம்

பின்னாலிருந்து முன்னால் மாற்ற முடிவு செய்தால் மேனிபோல்டைக் கழற்றி மேசையில் வைத்துத் துளை போடுவதே சரி. முடியாவிட்டால் டர்போவையாவது கழற்றுங்கள். இரண்டையும் கழற்றாமல் போடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் இரும்புத் துகள் ஒன்றுகூட டர்பைன் பக்கம் போகாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. நிமிடத்துக்கு லட்சத்தை ஒட்டிச் சுற்றும் சக்கரம் அது.

ஃபிட்டிங் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல என்.பி.டி. மரை, அதாவது அமெரிக்கக் குழாய் மரை. அங்குலத்துக்கு 27 மரை, கூம்பாகப் போகும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் “எட்டில் ஒன்று டாப்” (மரை வெட்டும் கருவி) என்று கேட்டால் பி.எஸ்.பி.யைத்தான் (பிரிட்டிஷ் குழாய் மரை) எடுத்துத் தருவார்கள். அது 28 மரை, கோணமும் வேறு. இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு பிடிக்கும், “நல்லா டைட் ஆயிடுச்சு” என்று தோன்றும். ஒரு வாரத்தில் புகை ஒழுகும். டாப்பின் தண்டில் என்.பி.டி. என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

சென்டர் பஞ்ச் அடித்து 3 மி.மீ. ட்ரில், பிறகு 6, கடைசியாக 8.7 மி.மீ. (32-ல் 11 அங்குல ட்ரில்). இரும்பின் கனம் 5 மி.மீ.க்குக் குறைந்த இடத்தில் மரை பிடிக்காது. தடித்த இடமாகப் பாருங்கள். வார்ப்பிரும்பு சுருளாக வராது, பொடியாக உதிரும். ட்ரில்லின் பள்ளத்தில் கிரீஸை அப்பி, ஐந்தாறு நொடிக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் துடைத்துப் புது கிரீஸ் போட்டுத் தொடருங்கள். பொடி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். ட்ரில் உள்ளே எட்டிப் பார்க்கும் அந்தக் கடைசி அரை மில்லிமீட்டரில் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். வேகமாக அமுக்கினால் வட்டமான ஒரு சில்லு உடைந்து உள்ளே விழும். கழற்றாமல் போடுபவர்கள் இந்தக் கட்டத்தில் மட்டும் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, புகையின் அழுத்தமே பொடியை வெளியே ஊதும்படி செய்வார்கள். கண்ணாடி, கையுறை இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்; அந்தப் புகை சூடானது, பொடி கண்ணுக்கு நேராக வரும்.

டாப்பை முழுக்க இறக்கிவிடாதீர்கள். கூம்பு மரை என்பதால் அதிகம் இறக்கினால் ஃபிட்டிங் லூசாகிவிடும். நாலைந்து சுற்றுக்கு ஒரு முறை ஃபிட்டிங்கை வைத்துப் பாருங்கள். கையால் மூன்று, நாலு சுற்று ஏறி, அதன்பின் ஸ்பானரில் ஒன்றரை, இரண்டு சுற்றில் இறுகினால் அளவு சரி. முடிந்ததும் காந்தக் கம்பியை உள்ளே விட்டுத் துழாவுங்கள், வாக்குவம் வைத்து இழுங்கள். மரையில் நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுங்கள். டெஃப்லான் டேப் வேண்டாம்: 260 டிகிரியிலேயே கெடத் தொடங்கிவிடும், மேனிபோல்டு அதைப்போல் இரண்டு மடங்கு சூட்டில் நிற்கும்.

டர்போவுக்குப் பின்னால்தான் வைப்பது என்றால் வேலை எளிது. சைலன்சர் குழாய் மெல்லியது, அதில் மரை நிற்காது. மரை போட்ட ஸ்டீல் பாஸ் (தடித்த வளையம்) ஒன்றை லேத்தில் கடைந்து வெல்டு வையுங்கள். டர்போ வாயிலிருந்து 10 செ.மீ.க்குள் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் பிரேக்கின் (புகை வழியை மூடி வண்டி வேகத்தைக் குறைப்பது) பட்டாம்பூச்சி வால்வுக்கு முன்னால் இருக்க வேண்டும். வால்வு டர்போவோடு ஒட்டியே வந்தால் இடம் கிடையாது, மேனிபோல்டுக்கே போங்கள்.

அறிகுறி 2: மிதித்தால் முள் இறங்குகிறது

பாசிட்டிவ், நெகடிவ் மாறியிருக்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்து மாற்றிவிடுங்கள். வேறு எதுவும் இல்லை.

அறிகுறி 3: ஹெட்லைட் போட்டால், ஹார்ன் அடித்தால் முள் குதிக்கிறது

கோளாறு எர்த்தில். சில ப்ரோப்பில் முனைக் கம்பி உறையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதாவது ஒரு கம்பி மேனிபோல்டு வழியாக இன்ஜினோடு எர்த் ஆகிவிட்டது. மீட்டரோ டேஷ்போர்டில் வேறொரு இடத்தில் எர்த் எடுக்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே 5 மில்லிவோல்ட் வித்தியாசம் வந்தால் போதும், முள் 120 டிகிரி ஆடும். லைட் போட்டதும் கேபின் எர்த்தில் கரண்ட் ஓடி அந்த வித்தியாசம் உருவாகும்.

உறுதி செய்ய, ப்ரோப்பை மீட்டரிலிருந்து கழற்றி, ஒரு கம்பிக்கும் ப்ரோப் உறைக்கும் நடுவே ஓம் பாருங்கள். சில ஓம் மட்டும் காட்டினால் எர்த் ஆன வகை. முதல் வைத்தியம், மீட்டரின் எர்த்தை இன்ஜின் பிளாக்கிலிருந்து தனி ஒயரில் எடுப்பது. இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள பின்னல் ஸ்ட்ராப் துருவேறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய வண்டிகளில் பாதிப் பிரச்சினை அதோடு தீரும். தீராவிட்டால், கம்பி உறையைத் தொடாத இன்சுலேட்டட் வகை ப்ரோப் வாங்குங்கள். ஒயர் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரித்துத் தனி வழியில் கொண்டு போங்கள்.

அறிகுறி 4: முள் சட்டென்று உச்சிக்குப் போகிறது, அல்லது வண்டி குலுங்கும்போது செத்துப் பிழைக்கிறது

பல எலக்ட்ரானிக் மீட்டர்கள் ஒயர் அறுந்தால் முள்ளை உச்சியில் நிறுத்தும்படி செய்யப்பட்டவை; டிரைவர் கவனிக்கட்டும் என்பதற்காக. சில மீட்டர்கள் கீழே விட்டுவிடும். எதுவானாலும் சர்க்யூட் எங்கோ திறந்திருக்கிறது. ப்ரோப்பின் இரு கம்பிக்கு நடுவே ஓம் பாருங்கள். மூன்று, நாலு மீட்டர் ஒயரோடு சேர்த்துச் சில ஓம் வர வேண்டும். ஒன்றும் வரவில்லை என்றால் ஒயரை ஆட்டிக்கொண்டே அடியிலிருந்து மேலே வாருங்கள்.

அறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: ப்ரோப் உறை முடிந்து மெல்லிய ஒயர் தொடங்கும் கழுத்தில். இன்ஜின் ஆடும், கேபின் ஆடாது. நடுவில் ஒயர் தொங்காமல் இழுத்துக் கட்டியிருந்தால் அந்தக் கழுத்துதான் உடையும். ப்ரோப்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், இன்ஜினோடு சேர்ந்து ஆடும் ஏதாவது ஒரு பிராக்கெட்டில் முதல் கிளிப்பைப் போடுங்கள். அங்கிருந்து கேபின் வரை ஒரு வளையம் லூசாக விடுங்கள். பிளாஸ்டிக் டேக்கை மேனிபோல்டுப் பக்கம் போடாதீர்கள், உருகி ஒயர் டர்போமேல் விழும்.

அறிகுறி 5: முள் நகர யோசிக்கிறது

மிதித்து ஏழெட்டு நொடி கழித்துத்தான் சூடு ஏறுகிறது என்றால் ப்ரோப் தடிமனானது. 6 மி.மீ. மூடிய உறை ஆயுள் அதிகம், ஆனால் மந்தம். 3 மி.மீ. உறை வேகம். முனை வெளியே தெரியும்படி உறை இல்லாத வகை எல்லாவற்றையும் விட வேகம், ஆனால் அதுதான் முதலில் அரித்துப் போகும். லோடு அடிக்கும் லாரிக்கு 3 மி.மீ. மூடிய உறை நடுவாந்திரமான நல்ல தேர்வு. நன்றாக வேலை செய்த ப்ரோப் நாளாக நாளாக மந்தமானால் கழற்றிப் பாருங்கள். முனையில் கரி மிளகு போலத் திரண்டிருக்கும். பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஆனால் அவ்வளவு கரி ஏன் வந்தது என்ற கேள்வி டீசல் தெளிக்கும் நாசிலைப் பார்த்துக் கேட்க வேண்டியது.

அறிகுறி 6: ஃபிட்டிங்கைச் சுற்றிக் கறுப்புக் கோடு, எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் விசில்

மரை ஒழுகுகிறது. 6பிடியில் எக்ஸாஸ்ட் பிரேக் மூடும்போது மேனிபோல்டில் அழுத்தம் 4 பார் வரை ஏறும்; மற்ற நேரத்தில் அடங்கியிருக்கும் சின்னக் கசிவு அப்போது கத்தும். இன்ஜின் ஆறிய பிறகு கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். நிற்காவிட்டால் மரை தவறு, பி.எஸ்.பி. கதையாகத்தான் இருக்கும். கண்டபடி இறுக்கினால் வார்ப்பிரும்பு கீறிவிடும், அதன்பின் மேனிபோல்டே போச்சு.

அறிகுறி 7: ஒயரைக் குட்டையாக்கிய பிறகு முள் அதிகம் காட்டுகிறது

இது பேட்டரி இணைப்பே இல்லாத பழைய முள் மீட்டர்களில் வருவது. ப்ரோப் தரும் மில்லிவோல்ட்டே காயிலைத் தள்ளி முள்ளை நகர்த்துகிறது. ஒயரின் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்துத்தான் அளவுகோல் போட்டிருப்பார்கள். மிச்ச ஒயர் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டினால் அதிகம் காட்டும், நீட்டினால் குறைத்துக் காட்டும். இந்த வகையில் மிச்சத்தைச் சுருட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டி வையுங்கள். வெட்டியாகிவிட்டால் அதே நீள ஒயரை அந்த மீட்டருக்கென்றே வாங்க வேண்டும்.

அறிகுறி 8: எல்லாம் சரி, உண்மையாகவே 700-க்கு மேல் நிற்கிறது

மேலே சொன்ன சோதனை எல்லாம் தேறி, டர்போவுக்கு முன்னால் 700-க்கு மேல் நிமிடக்கணக்கில் நின்றால் வண்டியைப் பாருங்கள். சில நொடி 730 தொட்டுத் திரும்பினால் பதற வேண்டாம். அலுமினியமே 660-ல் உருகுமே, பிஸ்டன் எப்படித் தாங்குகிறது என்று கேட்பவர்கள் உண்டு. பிஸ்டனின் அடியில் ஆயில் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சுழற்சியிலும் குளிர்ந்த காற்று மேலே வந்து படுகிறது. அதன் உலோகம் புகையின் சூட்டை எட்டுவதில்லை. ஆனால் புகை தொடர்ந்து அதிகச் சூட்டில் நின்றால் அந்தக் குளிர்ச்சி போதாமல் போகும். அதோடு மேனிபோல்டு கீறும், டர்பைன் ஹவுசிங் விரியும்.

முதலில் ஓட்டும் விதத்தைப் பாருங்கள், செலவில்லாதது அது. சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும்போது உயர் கியரிலேயே 1,200 ஆர்.பி.எம்.மில் இழுத்தால் டீசல் நிறையப் போகும், டர்போ காற்று தராது. ஒரு கியர் இறக்கி 1,800-க்குக் கொண்டுவந்தால் முள் சில நொடிகளில் இறங்குவதைப் பார்க்கலாம். இறங்கினால் கோளாறு இன்ஜினில் இல்லை.

இறங்கவில்லை என்றால் பூஸ்ட் கேஜையும் புகையையும் சேர்த்துப் படியுங்கள். பூஸ்ட் குறைவு, புகை கறுப்பு: ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிழிசல், கிளிப் லூசு, வேஸ்ட்கேட் (பூஸ்ட் மீறாமல் புகையை விலக்கிவிடும் வால்வு) திறந்தபடி நிற்பது. ஹோஸ் வெறும் கையால் தடவினால் தெரியாது. காற்றுப் பாதையை மூடி ஒரு பார் காற்று கொடுத்துச் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். கிழிசல் பெரும்பாலும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்பின் விளிம்பில் இருக்கும். பூஸ்ட் சரி, புகை கறுப்பு: பம்பில் யாரோ டீசலைக் கூட்டியிருக்கிறார்கள், அல்லது நாசில் ஒழுகுகிறது. சீல் உடைந்த பம்ப் ஸ்க்ரூவைத் தேடுங்கள். பூஸ்ட் சரி, புகை வெள்ளை கலந்த சாம்பல்: பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கிறது, டீசல் தாமதமாக எரிந்து சூடு சிலிண்டரில் வேலை செய்யாமல் மேனிபோல்டுக்குப் போகிறது. பூஸ்டும் புகையும் இரண்டும் ஒழுங்காக இருந்து சூடு மட்டும் அதிகம் என்றால் எக்ஸாஸ்ட் பிரேக் வால்வு முழுதாகத் திறக்கிறதா, சைலன்சர் உள்ளே தகடு கழன்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வின் கையை விரலால் தள்ளிப் பார்த்தாலே தெரியும். கரி ஏறிய வால்வு முக்கால்வாசியில் நின்றுவிடும்.

பி.எஸ்.6 வண்டியில் கை வைக்கும் முன்

பி.எஸ்.6 புகை மாசு விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த லாரிகளில் கம்பெனியே எக்ஸாஸ்டில் பல இடத்தில் சூடு சென்சார் வைத்திருக்கிறது: புகை வடிகட்டிக்கு முன், பின் என்று. ஸ்கேனரில் பி0544, பி0545, பி0546 என்ற கோளாறு எண்கள் (ஃபால்ட் கோடு) வந்தால் முதல் சென்சாரின் சர்க்யூட் கோளாறு. இவற்றில் பல தெர்மோகப்பிளே அல்ல. பி.டி.200 (சூடு ஏற ஏற ஓம் கூடும் பிளாட்டினம் சென்சார்) வகை என்றால் பட்டறைச் சூட்டில் 220 ஓமை ஒட்டிக் காட்டும். தெர்மிஸ்டர் வகை குளிரில் மிகப் பெரிய ஓம் காட்டும், சூடேற ஏறக் குறையும். மேலே சொன்ன மில்லிவோல்ட் சோதனை இவற்றுக்குப் பொருந்தாது, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டவும் முடியாது. தனி மீட்டர் வேண்டுமென்று இந்த வண்டியின் மேனிபோல்டைத் துளைக்க வேண்டாம். கம்பெனி சென்சார் அளப்பதையே ஸ்கேனர் மூலம் டயக்னாஸ்டிக் சாக்கெட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம். அந்தச் சென்சாரைக் கழற்றி மாற்றும்போது ஒயரைப் பிடித்து முறுக்காமல், நட்டை மட்டும் திருப்பும் பிளவு ஸ்பானர் பயன்படுத்துங்கள். உறைக்குள் கம்பி முறுகினால் புது சென்சாரும் அதே கோளாறு எண்ணைத்தான் காட்டும்.